இன்ஸ்டால் ஆன ஃபைல் எங்கே போனது? பேக்கேஜ் மேனேஜரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

"ஏனுங்க, இன்ஸ்டால் ஆயிருச்சுன்னு காட்டுதுங்க, ஆனா ஃபைல் எங்க போய் உக்காந்துச்சுன்னே தெரியலீங்க." திருப்பூர் பனியன் கம்பெனியின் டிசைன் ரூம், கோவை கணபதி பக்கத்து மெஷின் ஷாப், பெருந்துறைக் கல்லூரி லேப் என்று லினக்ஸ் ஓடுகிற இடங்களில் சிஸ்டம் பார்ப்பவருக்கு இந்த போன் வராமல் இருக்காது. விண்டோஸில் பழகிய கை, 'புரோகிராம் ஃபைல்ஸ்' மாதிரி ஒரே ஃபோல்டரைத் தேடும். லினக்ஸில் ஒரு மென்பொருளுக்கு ஒரு ஃபோல்டர் என்ற வழக்கம் இல்லை. ஓடும் ஃபைல் ஓரிடம், அமைப்பு ஃபைல் ஓரிடம், ஐகானும் உதவிப் பக்கமும் வேறிடம் என்று வகை பிரித்து வைக்கப்படும்.

வைத்தது எங்கே என்பதை, மென்பொருளை (பேக்கேஜை) இன்ஸ்டால் செய்யும், நீக்கும் கருவியான பேக்கேஜ் மேனேஜர் எழுதி வைத்திருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியோடு போகும் பேக்கிங் லிஸ்ட் போலத்தான்: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம், காகிதத்தைப் பார்த்தால் போதும். முழு டிஸ்க்கையும் துழாவும் முன் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள். பதிவேட்டில் ஏறாத ஃபைல்கள் எவை என்பதுதான் உண்மையில் ஆட்களைச் சுற்றவிடும் பகுதி. அது கொஞ்சம் பின்னால் வருகிறது.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சிறுகோடும் மாறாமல் அடியுங்கள். 'கேப்பிடல்' என்று சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து. இதில் அசட்டையாக இருக்க முடியாது: உபுண்டு, டெபியன் வகையில் உள்ள டிபிகேஜி கட்டளைக்கு கேப்பிடல் எல் கொடுத்தால் ஒரு பேக்கேஜின் ஃபைல் பட்டியல் வரும், சின்ன எல் கொடுத்தால் பேக்கேஜ்களின் பட்டியல் வரும்.

எந்த வகை எங்கே போகும்

ஓடும் ஃபைல்கள் '/யூஎஸ்ஆர்/பின்' ஃபோல்டரில். நிர்வாகி ஓட்ட வேண்டியவை '/யூஎஸ்ஆர்/எஸ்பின்'. லைப்ரரிகள் '/யூஎஸ்ஆர்/லிப்' கீழே. எழுத்துரு, ஐகான், மொழிபெயர்ப்பு, மாதிரி ஃபைல் எல்லாம் '/யூஎஸ்ஆர்/ஷேர்' கீழே. சிஸ்டம் முழுமைக்குமான அமைப்பு '/இடிசி'. மென்பொருள் ஓடஓடச் சேரும் தரவு '/வார்/லிப்', லாக் '/வார்/லாக்'. கம்பெனிகள் தாங்களே கட்டித் தரும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் '/ஆப்ட்' கீழே போகும். சோர்ஸிலிருந்து நீங்களே கம்பைல் செய்தது '/யூஎஸ்ஆர்/லோக்கல்'.

'டி டிரைவில் இன்ஸ்டால் பண்ண முடியுங்களா?' என்றும் கேட்பார்கள். ஏபிடி (உபுண்டு, டெபியன் வகை), டிஎன்எஃப் (ஃபெடோரா வகை) போன்ற பேக்கேஜ் மேனேஜர்களில் முடியாது. ஒவ்வொரு ஃபைலும் எந்தப் பாதைக்குப் போக வேண்டும் என்பது பேக்கேஜைக் கட்டும்போதே தீர்மானிக்கப்படுகிறது; மேனேஜர் உங்களிடம் கேட்பதில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது என்பதுதான் பிரச்சினை என்றால், ஃபைலை இடம் மாற்ற நினைக்காமல் 'சூடோ ஏபிடி கிளீன்' ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையில் ஓட்டுவது) போட்டு '/வார்/கேஷ்/ஏபிடி/ஆர்க்கைவ்ஸ்' ஃபோல்டரில் தங்கிய பழைய டவுன்லோடுகளை முதலில் காலி செய்யுங்கள். 'ஏபிடி-கெட்' வழியாக இன்ஸ்டால் செய்யும் பழக்கம் இருந்தால் அங்கே நிறையச் சேர்ந்திருக்கும். வெறும் 'ஏபிடி' கட்டளை, இன்ஸ்டால் முடிந்ததும் டவுன்லோடை (டெப் ஃபைலை) தானே அழித்துவிடுகிறது. 'இறக்கின டெப் ஃபைலைக் காணோம்' என்று அங்கே போய்த் தேடுபவர்களுக்கு இதுதான் பதில்.

உபுண்டு, டெபியன், மின்ட்

தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. அதனால் கீழே உள்ளவை அதிலும் செல்லும்.

ஒரு பேக்கேஜ் என்னென்ன ஃபைல் வைத்தது என்று பார்க்க:

டிபிகேஜி -கேப்பிடல் எல் இங்க்ஸ்கேப்

வரும் பட்டியல் நீளம். அதில் ஃபோல்டர்களின் பெயரும் கலந்தே வரும். '/யூஎஸ்ஆர்' என்று ஒரு வரி வந்தால் அந்த ஃபோல்டரே இங்க்ஸ்கேப்புக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை, பல பேக்கேஜ்கள் பங்கு போடும் ஃபோல்டர் அது. அதை நம்பி, அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' போட்டால் சிஸ்டமே போய்விடும். ஓடும் ஃபைல் மட்டும் வேண்டுமென்றால் கடைசியில், அந்தத் துண்டு உள்ள வரிகளை மட்டும் வடிகட்டும் '| கிரெப் /பின்/' சேருங்கள். அமைப்பு ஃபைல் என்றால் '| கிரெப் /இடிசி/'. பக்கம் பக்கமாகப் படிக்க '| லெஸ்'.

இதற்கு பேக்கேஜின் சரியான பெயர் வேண்டும். மெனுவில் தெரியும் பெயர், டெர்மினலில் அடிக்கும் கட்டளை, பேக்கேஜின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 'இஃப்கான்ஃபிக்' கட்டளை வருவது 'நெட்-டூல்ஸ்' பேக்கேஜிலிருந்து. படம் மாற்றும் 'கன்வெர்ட்' வருவது இமேஜ்மேஜிக்கிலிருந்து. பெயர் அரைகுறையாகத்தான் தெரியும் என்றால் 'டிபிகேஜி -எல் | கிரெப் -ஐ' போட்டு, தெரிந்த துண்டை அடியுங்கள். இங்கே எல் சின்ன எழுத்து.

சில பேக்கேஜ்களுக்குக் கேப்பிடல் எல் கொடுத்தால் நாலைந்து வரிதான் வரும், அதுவும் '/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்' கீழே உள்ள குறிப்புகள். 'லிப்ரேஆபீஸ்' இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பெயரில் உள்ள பேக்கேஜ் வெறும் கூடு. மற்றப் பேக்கேஜ்களை இழுத்துக்கொண்டு வருவதுதான் அதன் வேலை. சரக்கெல்லாம் 'லிப்ரேஆபீஸ்-கோர்', 'லிப்ரேஆபீஸ்-காமன்', 'லிப்ரேஆபீஸ்-ரைட்டர்' ஆகியவற்றில் இருக்கிறது, '/யூஎஸ்ஆர்/லிப்/லிப்ரேஆபீஸ்' கீழே போகிறது. பட்டியல் சந்தேகப்படும்படி சின்னதாக இருந்தால் 'ஏபிடி டிபெண்ட்ஸ்' போட்டு அது எதை இழுக்கிறது என்று பாருங்கள், பிறகு அவற்றைத் தனித்தனியே கேளுங்கள்.

தலைகீழ்க் கேள்வி: ஃபைல் கண் முன்னால் இருக்கிறது, அது எந்த பேக்கேஜுக்குச் சொந்தம்?

டிபிகேஜி -கேப்பிடல் எஸ் /யூஎஸ்ஆர்/பின்/இங்க்ஸ்கேப்

முழுப் பாதை தெரியாவிட்டால் ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தாலும் ஏற்கும். அந்தத் துண்டு வரும் எல்லாப் பாதைகளையும் காட்டும். 'நோ பாத் ஃபவுண்ட்' என்று வந்தால் உடனே 'இது பேக்கேஜிலிருந்து வந்ததில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு காரணங்கள் அடிக்கடி குறுக்கே வரும்.

முதலாவது, '/பின்' ஃபோல்டரும் '/யூஎஸ்ஆர்/பின்' ஃபோல்டரும் இப்போது ஒன்றுதான். '/பின்' என்பது வெறும் குறுக்குவழி. ஆனால் பதிவேடு எழுத்துக்கு எழுத்துத்தான் ஒப்பிடும். டெபியன் 12, உபுண்டு 22.04 ஆகியவற்றில் 'எல்எஸ்' கட்டளை '/பின்/எல்எஸ்' என்றே பதிவாகியிருக்கிறது. 'விச் எல்எஸ்' காட்டுவதோ '/யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ்'. அதை அப்படியே கொண்டுபோய்க் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். ஒற்றை மேற்கோளுக்குள் '*பின்/எல்எஸ்' என்று நட்சத்திரம் வைத்துக் கேட்டால் எப்படிப் பதிவாகியிருந்தாலும் பிடித்துவிடும்.

இரண்டாவது, மாற்று ஏற்பாடு. ஒரே சிஸ்டத்தில் இரண்டு மூன்று ஜாவா இருக்கலாம். '/யூஎஸ்ஆர்/பின்/ஜாவா' என்பது '/இடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ்/ஜாவா' என்ற இணைப்பைக் காட்டும், அது '/யூஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம்' கீழே உள்ள ஏதோ ஒரு பதிப்பைக் காட்டும். முதல் இரண்டும் எந்த பேக்கேஜின் பட்டியலிலும் இல்லாதவை. 'ரீட்லிங்க் -எஃப் /யூஎஸ்ஆர்/பின்/ஜாவா' போட்டுக் கடைசி இடத்தைப் பிடித்து, அந்தப் பாதையை டிபிகேஜியிடம் கேளுங்கள். எந்தெந்த மாற்றுகள் இருக்கின்றன என்பதை 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --டிஸ்ப்ளே ஜாவா' சொல்லும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே எங்கே போகும் என்று பார்க்க வேண்டுமா? கையில் டெப் ஃபைல் இருந்தால் 'டிபிகேஜி -சி' கொடுத்து ஃபைல் பெயரை அடியுங்கள். ரெபாசிட்டரியில் (பேக்கேஜ்கள் இறங்கும் இணையக் கிடங்கில்) இருப்பது என்றால் 'ஏபிடி-ஃபைல்' என்ற தனி பேக்கேஜ் வேண்டும். அதை இன்ஸ்டால் செய்து, 'சூடோ ஏபிடி-ஃபைல் அப்டேட்' ஒருமுறை ஓட்டி, பிறகு 'ஏபிடி-ஃபைல் லிஸ்ட்' அல்லது 'ஏபிடி-ஃபைல் சர்ச்' என்று கேட்கலாம். அந்த அப்டேட்டை விட்டுவிட்டால் தேடலில் ஒன்றுமே கிடைக்காது. கம்பைல் செய்யும்போது ஏதோ ஒரு ஹெட்டர் ஃபைல் இல்லை என்று நின்றுவிட்டால், கல்லூரி லேப்பில் இதைவிட வேகமான வழி இல்லை.

சிஸ்டம் பூட் ஆகாத நிலையில்

பதிவேடு என்பது மர்மமான டேட்டாபேஸ் இல்லை, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். '/வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ' ஃபோல்டரில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் '.லிஸ்ட்' என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். அதுதான் கேப்பிடல் எல் காட்டும் பட்டியல். பக்கத்திலேயே '.எம்டி5சம்ஸ்', '.கான்ஃபைல்ஸ்' ஆகியவையும் இருக்கும். திறந்து படிக்கலாம், கை வைத்துத் திருத்தக் கூடாது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டிப் பார்க்கும்போது இது கைகொடுக்கும். பழைய டிஸ்க் '/எம்என்டி' என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருந்தால்:

டிபிகேஜி-குவெரி --அட்மின்டிர்=/எம்என்டி/வார்/லிப்/டிபிகேஜி -கேப்பிடல் எல் பேக்கேஜ் பெயர்

இப்போது பதில் வருவது அந்த டிஸ்க்கின் பதிவேட்டிலிருந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் சிஸ்டத்திலிருந்து அல்ல. காட்டும் பாதைகளுக்கு முன்னால் '/எம்என்டி' சேர்த்துப் படியுங்கள்.

யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன இடங்களில், அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் சில ஃபைல்கள் காலியாகவோ பாதியாகவோ நின்றுவிடும். ஃபைல் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தும் பயனில்லை. 'சூடோ டிபிகேஜி --வெரிஃபை' போடுங்கள். பதிவேட்டில் உள்ள எம்டி5 எண்ணோடு ஒத்துப்போகாத ஃபைல்களையும், காணாமல் போனவற்றையும் மட்டும் காட்டும். வரியில் 'சி' எழுத்து இருந்தால் அது அமைப்பு ஃபைல். நீங்களே மாற்றியிருக்கலாம், பதற வேண்டாம். லைப்ரரியோ ஓடும் ஃபைலோ வந்தால், கேப்பிடல் எஸ் போட்டு பேக்கேஜைக் கண்டுபிடித்து 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' கொடுங்கள்.

பதிவேட்டில் ஏறாதவை

மேனேஜர் எழுதி வைப்பது தான் பிரித்து வைத்த ஃபைல்களை மட்டும். அதன்பின் மென்பொருள் ஓடும்போது தானே உருவாக்குவது எதுவும் அதில் வராது. நஷ்டம் வருவது இங்கேதான், ஏனென்றால் அலுவலகத்துக்கு விலை மதிப்புள்ளவை எல்லாம் இந்த வகைதான்.

பில்லிங்கும் ஸ்டாக்கும் மரியாடிபி டேட்டாபேஸில் ஓடுகிறது என்று வையுங்கள். 'மரியாடிபி-சர்வர்' பேக்கேஜின் பட்டியலை எடுத்து அதில் உள்ளதையெல்லாம் பேக்கப் செய்தால், மீண்டும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஃபைல்கள்தான் பேக்கப்பில் இருக்கும். கணக்கு இருப்பது '/வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்' ஃபோல்டரில். போஸ்ட்கிரெஸ் என்றால் டெபியன் வகையில் '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்', ரெட்ஹேட் வகையில் '/வார்/லிப்/பிஜிஎஸ்க்யூஎல்'. இடம் தெரிந்துவிட்டது என்று சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோல்டரைக் காப்பி அடிக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் காப்பி ஆகி, திரும்ப ஏற்றும்போது திறக்காது. 'மரியாடிபி-டம்ப்' போட்டு எடுங்கள், அல்லது சர்வீஸை நிறுத்திவிட்டுக் காப்பி செய்யுங்கள். இடம் மாற்றியமைத்த சர்வர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் டேட்டாபேஸுக்குள் போய் 'ஷோ வேரியபிள்ஸ் லைக்' என்று அடித்து, ஒற்றை மேற்கோளுக்குள் 'டேட்டாடிர்' கொடுத்து அதனிடமே கேளுங்கள்.

மெஷின் ஷாப்பில் பழைய லேத்தை லினக்ஸ்சிஎன்சி போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதை. டெபியன் 12-இல் பேக்கேஜின் பெயர் 'லினக்ஸ்சிஎன்சி-யூஸ்பேஸ்'. அது கொண்டுவரும் மாதிரி அமைப்புகள் '/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்' கீழே இருக்கும், பட்டியலில் தெரியும். உங்கள் மெஷினுக்குத் திருத்திய ஐஎன்ஐ, ஹால் ஃபைல்களும் டூல் டேபிளும் பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் 'லினக்ஸ்சிஎன்சி/கான்ஃபிக்ஸ்' கீழே இருக்கும், பட்டியலில் தெரியாது. கன்ட்ரோல் பிசியை மாற்றும்போது எடுத்துப் போக வேண்டியது இரண்டாவதை மட்டும்தான்.

ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் தெரியும். '.கான்ஃபிக்', '.லோக்கல்/ஷேர்', '.கேஷ்' ஆகிய மூன்றையும் பார்த்தால் பெரும்பாலான மென்பொருள்களின் பயனர் தரவு கிடைத்துவிடும்.

'மேக் இன்ஸ்டால்' போட்டுக் கட்டியவையும் பதிவேட்டில் இல்லை. '/யூஎஸ்ஆர்/லோக்கல்' கீழே தேடுங்கள். சோர்ஸ் ஃபோல்டரை வைத்திருந்தால் சில மென்பொருள்களுக்கு அங்கேயே 'சூடோ மேக் அன்இன்ஸ்டால்' வேலை செய்யும். சோர்ஸை அழித்துவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்க வேண்டியதுதான். ஆப்இமேஜ் என்பது ஒரே ஒரு ஃபைல், நீங்கள் டவுன்லோட் செய்த இடத்திலேயே இருக்கும்.

ஸ்னாப்பும் ஃப்ளாட்பேக்கும்

இவை இரண்டும் ஏபிடிக்கு வெளியே தனியாக இன்ஸ்டால் ஆகும் பேக்கேஜ் வகைகள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஏபிடி வழியாக இன்ஸ்டால் செய்தாலும் உள்ளே ஸ்னாப்பைத்தான் இழுக்கும். அதனால் டிபிகேஜியிடம் கேட்டால் ஒப்புக்கு நாலு வரி காட்டும். 'ஸ்னாப் லிஸ்ட்' போட்டுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல்கள் '/ஸ்னாப்/ஃபயர்பாக்ஸ்/கரண்ட்' கீழே தெரியும், ஆனால் அவற்றை மாற்ற முடியாது. '/வார்/லிப்/ஸ்னாப்டி/ஸ்னாப்ஸ்' ஃபோல்டரில் இருக்கும் ஒரே சுருக்கிய ஃபைலைத்தான் அப்படி மவுண்ட் செய்து காட்டுகிறது. 'டிஎஃப் -ஹெச்' போட்டால் இந்த மவுண்டுகள் எல்லாம் 100% நிறைந்ததாகத் தெரியும். அது இயல்பு, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பொருளில்லை. புக்மார்க்கும் பாஸ்வேர்டும் இருப்பது ஹோமுக்குள் 'ஸ்னாப்/ஃபயர்பாக்ஸ்/காமன்' கீழே, '.மொசில்லா' என்று ஹோமில் நேராகத் தேடினால் கிடைக்காது. மின்ட் 20 முதல் ஸ்னாப்பை ஒதுக்கிவிட்டதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஃப்ளாட்பேக்கில் பெயர் நீளமாக இருக்கும், பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்த்து அடிக்க வேண்டும். 'ஃப்ளாட்பேக் லிஸ்ட்' கொடுத்து அடையாளப் பெயரைக் காப்பி செய்துகொண்டு:

ஃப்ளாட்பேக் இன்ஃபோ --ஷோ-லொகேஷன் ஓஆர்ஜி.இங்க்ஸ்கேப்.இங்க்ஸ்கேப்

இதில் முதல் இரண்டு துண்டும் சின்ன எழுத்து, கடைசி இங்க்ஸ்கேப் மட்டும் கேப்பிடல் ஐயில் தொடங்கும். எல்லோருக்குமாக இன்ஸ்டால் செய்தது '/வார்/லிப்/ஃப்ளாட்பேக்' கீழே, ஒரு பயனருக்கு மட்டும் என்றால் ஹோமில் '.லோக்கல்/ஷேர்/ஃப்ளாட்பேக்' கீழே. பயனர் அமைப்பு '.வார்/ஆப்' கீழே அந்த அடையாளப் பெயரிலேயே இருக்கும்.

திருப்பூரில் பிரிண்ட் டிசைன் போடுகிறவர்கள் இங்க்ஸ்கேப் எக்ஸ்டென்ஷனை இறக்கி '.கான்ஃபிக்/இங்க்ஸ்கேப்/எக்ஸ்டென்ஷன்ஸ்' ஃபோல்டரில் போட்டும் மெனுவில் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஓடுவது ஃப்ளாட்பேக் இங்க்ஸ்கேப்பாக இருக்கும். அது பார்க்கும் ஃபோல்டரே வேறு. ஊகிக்க வேண்டாம். இங்க்ஸ்கேப்பின் எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் சிஸ்டம் பக்கத்தைத் திறந்தால் பயனர் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரின் பாதையை அதுவே எழுதிக் காட்டும். அங்கேயே போடுங்கள்.

எது ஓடுகிறது என்பது தனிக் கேள்வி

ஒரே பெயரில் இரண்டு இருந்தால், பேக்கேஜ் வைத்த ஃபைல் ஒன்று, ஓடுவது இன்னொன்று என்று ஆகிவிடும். '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' வழக்கமாக '/யூஎஸ்ஆர்/பின்' என்பதற்கு முன்னால் தேடப்படும். அதனால்தான் புதுப் பதிப்பை ஏபிடியில் ஏற்றியும் பழைய பதிப்பு எண்ணே காட்டிக்கொண்டிருக்கும். 'விச்' முதலில் கிடைப்பதை மட்டும் சொல்லும். 'டைப் -ஏ' எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும், ஏலியஸாக (கட்டளைக்கு வைத்த மாற்றுப் பெயராக) இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதையே பழகிக்கொள்ளுங்கள். பழையதை அழித்த பின்னும் 'நோ சச் ஃபைல்' என்று பழைய பாதையையே சொன்னால், டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் அந்தப் பாதையை நினைவில் வைத்திருக்கிறது. 'ஹாஷ் -ஆர்' அடித்தால் மறந்துவிடும்.

தமிழ் எழுத்துருவுக்கு இதே மாதிரி வேறொரு கட்டளை. 'எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ ஃபைல்' என்றால் தமிழ் தெரிந்த எல்லா எழுத்துருக்களின் பாதையும் வரும். பேக்கேஜில் வந்தவை '/யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்' கீழே. நீங்கள் போட்டவை ஹோமில் '.லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்' அல்லது '.ஃபான்ட்ஸ்' கீழே. பழைய டிடிபி எழுத்துருக்கள் இந்தப் பட்டியலில் வராது. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை, சிஸ்டத்தின் கண்ணுக்கு அவை தமிழே இல்லை. அவற்றுக்கு மொழி குறிப்பிடாமல் 'எஃப்சி-லிஸ்ட் | கிரெப் -ஐ' போட்டுப் பெயரால் தேடுங்கள்.

மற்ற லினக்ஸ்கள், மேக்

ஃபெடோரா, ரெட்ஹேட், ஆல்மா ஆகியவற்றில் 'ஆர்பிஎம் -க்யூஎல்' பட்டியலுக்கு, 'ஆர்பிஎம் -க்யூஎஃப்' உரிமையாளருக்கு, 'ஆர்பிஎம் -க்யூசி' அமைப்பு ஃபைலுக்கு மட்டும். கடைசி ஒன்று மிக வசதி, டிபிகேஜியில் இவ்வளவு நேரான வழி இல்லை. கையில் உள்ள ஆர்பிஎம் ஃபைலைப் பார்க்க 'ஆர்பிஎம் -க்யூஎல்பி'. இன்ஸ்டால் ஆகாததை 'டிஎன்எஃப் ரெப்போகுவெரி -எல்' சொல்லும். எந்த பேக்கேஜ் தரும் என்பதை 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்' சொல்லும். பதிவேடு '/வார்/லிப்/ஆர்பிஎம்' ஃபோல்டரில் இருந்தது, ஃபெடோரா 36 முதல் '/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ்/ஆர்பிஎம்' ஃபோல்டருக்குப் போய்விட்டது.

ஆர்ச் வகையில் 'பேக்மேன் -கேப்பிடல் க்யூ, சின்ன எல்' பட்டியலுக்கு, 'கேப்பிடல் க்யூ, சின்ன ஓ' உரிமையாளருக்கு. ஆல்பைனில் 'ஏபிகே இன்ஃபோ -கேப்பிடல் எல்'.

மேக்கில் ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் வைக்கும் இடம், இன்டெல் சிப் என்றால் '/யூஎஸ்ஆர்/லோக்கல்', ஆப்பிள் சிலிக்கான் என்றால் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ'. 'ப்ரூ --பிரிஃபிக்ஸ்' அடித்தால் உங்களுடையது எது என்று தெரியும். சரக்கு 'செல்லார்' ஃபோல்டரில் பதிப்பு வாரியாக இருக்கும், 'பின்' ஃபோல்டரில் இருப்பவை இணைப்புகள். 'ப்ரூ லிஸ்ட்' போட்டு பேக்கேஜ் பெயர் கொடுத்தால் முழுப் பட்டியல். ஸ்கிரிப்டில் செல்லார் பாதையை எழுதி வைக்காதீர்கள், அடுத்த அப்கிரேடில் பதிப்பு எண் மாறி உடைந்துவிடும். 'ஆப்ட்' உள்ஃபோல்டரில் உள்ள இணைப்பு மாறாது.

விண்டோஸ்

விண்டோஸின் பேக்கேஜ் மேனேஜரான விங்கெட் ஃபைல்களைத் தானாகப் பிரித்து வைப்பதில்லை. பெரும்பாலும் அந்தந்த மென்பொருளின் இன்ஸ்டாலரை ஓட்டிவிடும், இடத்தை இன்ஸ்டாலர் தீர்மானிக்கும். ஆகவே 'புரோகிராம் ஃபைல்ஸ்' பாருங்கள். இல்லாவிட்டால் ரன் பெட்டியில் '%லோக்கல்ஆப்டேட்டா%\புரோகிராம்ஸ்' அடியுங்கள், அட்மின் உரிமை இல்லாமல் ஏற்றியவை அங்கே இருக்கும். இன்ஸ்டாலர் இல்லாத போர்ட்டபிள் வகை '%லோக்கல்ஆப்டேட்டா%\மைக்ரோசாஃப்ட்\விங்கெட்\பேக்கேஜஸ்' கீழே. வேறு பேக்கேஜ் மேனேஜர்களில், சாக்லேட்டி என்றால் 'சி:\புரோகிராம்டேட்டா\சாக்லேட்டி\லிப்'. ஸ்கூப் என்றால் பயனர் ஃபோல்டரில் 'ஸ்கூப்\ஆப்ஸ்'.

ஓடுவது எது என்று பார்க்க கமாண்ட் பிராம்ப்டில் 'வேர்' கட்டளை போதும். பவர்ஷெல்லில் அதே 'வேர்' வேறு வேலைக்கான சுருக்கம், ஒன்றும் காட்டாமல் நிற்கும்; 'வேர்.இஎக்ஸ்இ' என்று முழுதாக அடியுங்கள், அல்லது 'கெட்-கமாண்ட்'. 'பைத்தான்' அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது என்றால், 'விண்டோஸ்ஆப்ஸ்' ஃபோல்டரில் உள்ள போலி ஃபைல் முந்திக்கொள்கிறது. செட்டிங்ஸில் ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ் பக்கத்தில் பைத்தானை அணைத்துவிடுங்கள்.

பிப், என்பிஎம்

பிப் பைத்தானுக்கும், என்பிஎம் நோடுக்கும் உரிய பேக்கேஜ் மேனேஜர்கள். இவை சிஸ்டத்தின் மேனேஜருக்குத் தெரியாமல் தனிக் கணக்கு வைப்பவை. 'பைத்தான்3 -எம் பிப் ஷோ -எஃப்' கொடுத்து பேக்கேஜ் பெயர் அடித்தால், 'லொகேஷன்' வரியில் ஃபோல்டரும் கீழே ஃபைல்களும் வரும். வெறும் 'பிப்' என்று அடிக்காமல் இப்படி நீட்டி அடிப்பதற்குக் காரணம் உண்டு: வெறும் பிப் வேறொரு பைத்தானுக்குச் சொந்தமாக இருக்கலாம், அப்போது இல்லாத இடத்தைக் காட்டும். டெபியன் வகையில் ஏபிடி வைத்தது '/யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ்', பயனருக்கு மட்டும் பிப் வைத்தது ஹோமில் '.லோக்கல்/லிப்' கீழே. டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் சிஸ்டம் பைத்தானில் பிப் நேராக ஏற்ற மறுக்கும். அந்தத் தடையை உடைக்கும் ஆப்ஷனைத் தேடாமல் 'பைத்தான்3 -எம் வென்வ்' போட்டுத் தனி ஃபோல்டர் அமைத்துக்கொண்டால், எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கும். நோடுக்கு 'என்பிஎம் ரூட் -ஜி'. ரஸ்ட்டில் கார்கோ ஏற்றியவை ஹோமில் '.கார்கோ/பின்'.

நீக்குவதாக இருந்தால்

நீக்கிய பின் பட்டியல் கேட்டால் கிடைக்காது; முதலிலேயே எடுத்து வையுங்கள். டிபிகேஜி கேப்பிடல் எல் கட்டளையின் முடிவில் '> பட்டியல்.டிஎக்ஸ்டி' என்று சேர்த்தால் ஃபைலாக இறங்கிவிடும். 'ஏபிடி ரிமூவ்' போட்டால் '/இடிசி' கீழே உள்ள அமைப்பு தங்கிவிடும். 'டிபிகேஜி -எல்' பட்டியலில் அப்படிப்பட்டவை 'ஆர்சி' என்று தொடங்கும். 'ஏபிடி பர்ஜ்' அதையும் எடுத்துவிடும். சில டேட்டாபேஸ் பேக்கேஜ்கள் பர்ஜின்போது தரவையும் அழிக்கட்டுமா என்று கேட்கும், அங்கே கை பழக்கத்தில் என்டர் தட்டாமல் வாசித்துப் பாருங்கள். ஹோமில் உள்ள புள்ளி ஃபோல்டர்களை இரண்டுமே தொடாது. ஒரே சிஸ்டத்தில் ஷிஃப்டுக்கு ஒரு பயனர் என்று நாலு பேர் லாகின் செய்கிறார்கள் என்றால், நாலு ஹோமிலும் தனித்தனியே போய்த்தான் எடுக்க வேண்டும்.